நாலு மாடி இறக்க ஓர் ஆள்

காலை ஒன்பது இருபதுக்குக் கிளார்க் அவளுடைய படிவத்தை மேஜை மேல் திருப்பித் தள்ளினார்.

“இது செல்லாதும்மா.”

அவள் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். காதுக்குள் இன்னும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நீரேற்று நிலையத்தில் பதினாறு வருட வேலை. குடியிருப்பில் எல்லாருக்கும் அவள் மோட்டாரம்மா. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அவளைத்தான் முறைப்பார்கள்.

“எல்லாம் நிரப்பியிருக்கேனே சார். கையெழுத்தும் இருக்கு.”

“இருக்கு. அதுதான் பிரச்சினையே.”

கிளார்க் ஒரு கட்டைப் பிரித்து நாலு படிவங்களை எடுத்து வரிசையாக வைத்தார். அவளுடையது ஐந்தாவது. ஐந்திலும் துணையாள் என்ற கட்டத்தில் ஒரே பெயர். ஒரே கையெழுத்து. அவளுடைய எதிர்வீட்டுத் தபால்காரர்.

“ரெண்டாவது மாடியில இடுப்பு உடைஞ்ச அம்மா ஒருத்தர். மூணுல பக்கவாதம். ஆறுல கண்ணு தெரியாத அண்ணன் தம்பி. அப்புறம் உங்க மாமனார். சங்கு ஊதினா இந்த மனுஷன் எந்த மாடிக்கு ஓடுவாரு? வயசு என்ன அவருக்கு?”

“அறுபத்தெட்டு.”

“முழங்கால்?”

தபால்காரர் படியில் இறங்குவது நாலு மாடிக்கும் கேட்கும்.

மேலே அணையில் விரிசல் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. உடைந்தால் சங்கு ஊதுவார்கள். ஊதியதிலிருந்து நாற்பது நிமிடத்தில் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும். சங்கு ஊதிய உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், லிப்ட் ஓடாது. நடக்க முடிந்தவர்கள் நடந்து இறங்கி, முக்கில் நிற்கும் பஸ்ஸில் ஏறிவிட வேண்டியது. நடக்க முடியாதவர்களைத் தூக்கி இறக்க ஒருவர் வேண்டும். அவர்தான் துணையாள். அவள் தூக்கலாம் என்றால் சட்டம் விடாது. தண்ணீர், மின்சாரம், பஸ், ஆஸ்பத்திரி, இந்த நாலிலும் வேலை செய்பவர்கள் சங்கு கேட்டதும் அவரவர் இடத்துக்கு ஓட வேண்டும்.

“நாலு மணிக்குப் பட்டியல் மேலே போயிடும். துணையாள் இல்லாதவங்களை நாளைக்கு வண்டி வந்து மலை விடுதிக்கு அழைச்சிட்டுப் போயிடும். அணை சரியாகற வரைக்கும் அங்கதான்.”

“ஒன்றரை வருஷம் சார்.”

“ஒன்றரைன்னு சொல்லியிருக்காங்க.” கிளார்க் மூக்கைச் சிந்தினார். அவருக்கு ஜலதோஷம். “ஆள் கிடைச்சா மட்டும் போதாதும்மா. இறக்கிக் காட்டணும். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள. வாட்ச்மேன் நேரம் குறிக்கணும். தூக்கறவர், தூக்கப்படறவர், நீங்க, மூணு பேரும் கையெழுத்து.”

“போன வாரம் இதெல்லாம் சொல்லலையே?”

“போன வாரம் ஒரே ஆள் அஞ்சு பேரைக் காப்பாத்துவாருன்னு எங்களுக்குத் தெரியாதே.”

புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். அவள் மடித்துப் பையில் வைத்தாள். வெளியே வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் அதே தாள்.

தபால்காரர் கதவைத் திறந்தபோதே முகம் செத்துப்போயிருந்தது. அவருக்கும் போன் வந்திருந்தது போல.

“மன்னிச்சுக்கம்மா. வீட்டு வாசல்ல வந்து நின்னு கேக்கறாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

“வாயால சொல்றது,” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது. “முப்பத்தஞ்சு வருஷம் ஊர்ல இருக்கற அத்தனை கதவும் தட்டி கையெழுத்து வாங்கினாரு. இப்ப போட்டுத் தீர்க்கறாரு.”

“நீ சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கேன். சங்கு ஊதினா என்னை யாரு தூக்குவான்னு கேட்டேன். நீ நடப்பேங்கறாரு. எனக்கு எழுத மட்டும் இவருக்குப் பேனா இல்ல.”

மோட்டாரம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும், உடம்பில் சிரிக்கத் தெம்பு இருந்திருந்தால். “பரவாயில்லண்ணா,” என்றாள். கோபம் வரவில்லை. போன வாரம் அவளும்தான் ஒரு தாளை நீட்டினாள். அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டேதான் நீட்டினாள்.

மாமனார் விழித்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரம். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். கால்கள் விழுந்து நாலு வருடம் ஆகியும் நேரத்தை மட்டும் விடவில்லை.

“மூணேகால் மணி நேரம் லேட்டு,” என்றார்.

“ஆபீஸ்ல கூட்டம் மாமா.”

“என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. வேற ஆள் பார்க்கணுமாம்.”

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தாள். தோள்பட்டை எலும்பு ஈரத்துணியில் இடறியது. தலையணைகளை முதுகுக்கு ஒன்று, முழங்காலுக்கு நடுவில் ஒன்று என்று செருகினாள். கை தானாகச் செய்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டே செய்தாள்.

“மலைக்கே அனுப்பிடு,” என்றார் சுவரைப் பார்த்தபடி. “காத்து நல்லா இருக்கும்.”

“ஆமா. காத்தைக் குடிச்சிட்டு இருப்பீங்க.”

போன முறை ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. அவள் வேலை முடிந்து வரும்வரை எதையும் தின்னாமல், குடிக்காமல், ஒன்றுக்கும் போகாமல் அடக்கிக்கொண்டு கிடந்தார். ஆறாவது நாள் சிறுநீரகம் கைவிரித்தது. டாக்டர் அவளைத்தான் திட்டினார். மலை விடுதிக்கு வாரம் ஒரு பஸ். ஒன்றரை வருடம் வேண்டாம், இவருக்கு ஒரு மாதம் போதும். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் காற்றைப் பற்றிப் பேசினார்.

சமையலறையில் போய் நின்று போனை எடுத்தாள்.

கொழுந்தன் முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் எஞ்சின் சத்தம். “அண்ணி, எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் பஸ் ஓட்டறவன். கால் உடைஞ்சு கிடக்கற என் பொண்டாட்டிக்கே நான் இல்ல. அவ பக்கத்து வீட்டுக்காரர் பேரை எழுதியிருக்கா. வயித்தெரிச்சலா இருக்கு.” அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்பா என்ன சொல்றாரு?” என்று கேட்டான்.

“மலைக் காத்து நல்லா இருக்கும்ங்கறாரு.”

எதிர்முனையில் ஹார்ன் அடித்தது. வெகுநேரம் அடித்தது.

நிலையத்தில் கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் அவளைப் போலத்தான், ஓட வேண்டியவர்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் தன் அக்காவுக்கு எழுதிவிட்டார். மாடியில் உடற்பயிற்சி செய்கிற இளைஞன் மூன்று படிவங்களுக்கு மறுத்து நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டு, நாலாவதில் மாட்டியிருந்தான். பலசாலிகளை ஊர் முதல் வாரத்திலேயே பங்கு போட்டுக்கொண்டுவிட்டது. அவள் அந்த வாரம் இரட்டை ஷிப்ட்.

கடைசியாக நாத்தனார். அவள் நூறு மைல் தள்ளி இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் அப்பாவிடம் ஒரு மணி நேரம் போனில் பேசுவாள். மற்ற ஆறு நாளும் அண்ணியிடம் அப்பாவைப் பற்றிப் பேசுவாள்.

“நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது அண்ணி.”

“கோவிச்சுக்க நேரமில்ல. சொல்லு.”

“அண்ணன் ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கான்.”

“உங்கண்ணனுக்கு முதுகுத் தட்டு நகர்ந்திருக்குன்னு நீதான சொன்ன. குனிஞ்சு செருப்புகூட மாட்ட முடியலன்னு.”

“அவனைச் சொல்லல.”

மோட்டாரம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ வீடு மாத்தற கம்பெனியில இருக்கா அண்ணி. ஒத்தை ஆளா முதுகுல பீரோ வச்சு மூணு மாடி இறக்கறவ. ஊரே பீரோக்காரின்னுதான் கூப்பிடுது. நான் ஒண்ணும் அவளுக்கு வக்காலத்து வாங்கல. தூக்க ஒரு ஆள் வேணும்னீங்க, சொன்னேன்.”

பதினோரு வருடமாக அந்த வீட்டில் யாரும் அவள் பேரைச் சொன்னதில்லை. ‘அந்தப் பக்கம்’ என்பார்கள், அதுவும் சொல்லியே ஆக வேண்டிய நேரத்தில். புருஷன் அவளோடு வாழத் துணிப்பையோடு வெளியேறிய அன்று மாமனார் வாசல்வரை போனார். அப்போது கால்கள் நன்றாக இருந்தன. “இந்த வாசப்படியை நீ மிதிக்கக் கூடாது. உன்கூட இருக்கறவளும் மிதிக்கக் கூடாது,” என்றார். திரும்பி வந்து மருமகளிடம், “சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மகன் போனதும் தகப்பன் மருமகளோடு தங்கிவிட்டதை ஊர் ஒரு வருடம் மென்றது. பிறகு ஊருக்கும் வாய் வலித்தது.

மணி பதினொன்றே முக்கால். அவள் முகம் கழுவிக்கொண்டாள்.

கம்பெனியின் முற்றத்தில் ஒரு லாரி பின்பக்கம் திறந்து நின்றது. பீரோக்காரி ஓர் அலமாரிக்குக் கம்பளி சுற்றிக்கொண்டிருந்தாள். மோட்டாரம்மா அவளைத் தெருவில் நாலைந்து முறை தூரத்தில் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் எதிர்ப்பக்கம் மாறியிருக்கிறாள். கிட்டத்தில் உயரம் குறைவாக இருந்தாள். தோள் அகலம். நெற்றியில் சுமைப்பட்டை அழுத்திய தழும்பு. தலையில் பாதி நரைத்துவிட்டது. பதினோரு வருடமாக அவள் மனதில் வைத்திருந்தவளுக்கு நரைத்திருக்கவில்லை.

பீரோக்காரி நிமிர்ந்தாள். கையிலிருந்த கயிறு நின்றது.

“அவருக்கு ஒண்ணும் இல்லியே?” என்றாள் முதலில். அப்புறம் தானே, “அவர் வீட்லதான் இருக்காரு. காலையில பார்த்துட்டுதான் வந்தேன்,” என்றாள். பேச்சு எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

மோட்டாரம்மா படிவத்தை நீட்டினாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. “நாலு மணிக்குள்ள வேணும்,” என்றாள்.

பீரோக்காரி படித்தாள். உதடு அசையப் படித்தாள். பெரியவர் பேரைப் பார்த்ததும் ஒருமுறை லாரியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் குரல் மாறியது. வேலை பேசும் குரல்.

“எடை?”

“நாற்பத்தெட்டு. போன மாசம் பார்த்தது.”

“எத்தனை படி?”

“எழுபத்திரண்டு.”

“திரும்பற இடம்?”

“ஏழு.”

“கைப்பிடி எந்தப் பக்கம்?”

“இறங்கும்போது வலது. மூணாவது மாடியில மட்டும் உடைஞ்சிருக்கு.”

“கழுத்து நிக்குமா? புடிச்சுக்கற அளவுக்குக் கையில வலு இருக்கா?”

“இருக்கு. பிடிவாதமும் இருக்கு.”

பீரோக்காரி லேசாகச் சிரித்தாள். மோட்டாரம்மா சிரிக்கவில்லை. ஆனால் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

“உனக்கு அந்த நேரத்துல வீட்ல பார்க்க யாரும்...” மோட்டாரம்மா நிறுத்தினாள்.

“அவரு நடப்பாருக்கா. முதுகு வளையாதே தவிர, நடை நல்லாத்தான் இருக்கு. பஸ்ல ஏறி உக்காந்துக்கச் சொல்லிட்டு வந்துடுவேன். ரெண்டு தெருதான. அஞ்சு நிமிஷம்.” கயிற்றை முடிச்சுப் போட்டாள். “அவரு மறுக்க மாட்டாரு. மறுக்க வேண்டியவரு உங்க வீட்ல இருக்காரு. நான் யாருன்னு தெரிஞ்சா என் முதுகுல ஏறுவாரா?”

“ஏற மாட்டாரு.”

“அப்ப?”

“கம்பெனி ஆள்னு சொல்லிடறேன்.”

“பொய் இல்லையே,” என்றாள் பீரோக்காரி. “கம்பெனி ஆள்தான்.”

ரெண்டரைக்கு வந்தாள். செருப்பை வெளியே கழற்றினாள். வாசல்படியில் கால் வைக்காமல் எட்டித் தாண்டி உள்ளே வந்தாள். மாமனார் அன்று வாசலில் சொன்ன வார்த்தை இவள் காதுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று மோட்டாரம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“மாமா, வீடு மாத்தற கம்பெனியிலேருந்து ஆள் வந்திருக்கு. உங்களை இறக்கிப் பார்க்க.”

மாமனார் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். யார் வந்தாலும் ஊர் எது, பேர் என்ன, எந்த பஸ்ஸில் வந்தாய், அது எத்தனை நிமிடம் லேட்டு என்று குடைந்தெடுப்பவர். இன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. களைப்பு போலும் என்று மோட்டாரம்மா நினைத்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது.

பீரோக்காரி கட்டிலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அகலமான துணிப்பட்டையை அவர் இடுப்புக்கும் தொடைக்கும் கீழே சுற்றித் தன் தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து கட்டினாள். “பெரியவரே, கழுத்தைப் புடிக்காதீங்க. தோளைப் புடிங்க. கழுத்தைப் புடிச்சா ரெண்டு பேரும் மலைக்குப் போக வேண்டியதுதான். அதுக்கும் மேலகூட போகலாம்.”

“மணி ரெண்டு முப்பத்தெட்டு,” என்றார் மாமனார். “எடு வண்டியை.”

அவள் எழுந்தாள். ஒரு மூச்சு. அவ்வளவுதான். நாலு வருடமாக மோட்டாரம்மா கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு இழுத்துப் போட்ட உடம்பு. அது இன்னொருத்தி முதுகில் துணிமூட்டை போல உட்கார்ந்தது. மோட்டாரம்மாவுக்கு இடுப்பு வலித்தது. பார்க்கும்போது வலித்தது.

படியில் அவள் பின்னால் இறங்கினாள். பீரோக்காரி எண்ணிக்கொண்டே போனாள். பக்கவாட்டாகத் திரும்பினாள். மாமனாரின் கால்கள் சுவரில் உரசாமல் ஒரு கையால் முழங்காலை உள்ளே அணைத்துக்கொண்டாள். மூன்றாவது மாடியில் கைப்பிடி உடைந்த இடத்தில் நின்று, சுவரில் தோளைச் சாய்த்து, பாதத்தால் படியைத் தடவி இறங்கினாள்.

“சிரமமா இருக்கா?” என்றார் மாமனார்.

“பீரோ பேசாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

“பேசலைன்னா தூங்கிடுவேன். இப்படிக் குலுங்காம திரும்பற வண்டி எங்க டிப்போவுல ஒண்ணுகூட கிடையாது.”

மேலே நாலாவது மாடியில் தபால்காரர் வாசலைவிட்டு வந்து படிக்கு மேலே தலையை நீட்டியவர், பீரோக்காரியைப் பார்த்துவிட்டு மோட்டாரம்மாவைப் பார்த்தார். வாய் திறந்தது. பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியது என்று அவள் இறங்கும்போது கேட்ட சத்தத்தில் புரிந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோக்காரிக்கு மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. அவள் கழுத்தோரம் வியர்வை இறங்கியது. மாமனார் தன் மேல்துண்டின் நுனியால் அதை ஒற்றி எடுத்தார். கண்ணில் விழாமலிருக்க, அவ்வளவுதான் என்று மோட்டாரம்மா தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கீழே வாட்ச்மேன் நாற்காலி போட்டு வைத்திருந்தார். இறக்கி உட்காரவைத்ததும், “ஒன்பது நிமிஷம்,” என்றார்.

“எட்டு நிமிஷம் நாற்பது செகண்ட்,” என்றார் மாமனார். “ஒழுங்கா எழுது.”

வாட்ச்மேன் எழுதினார். பீரோக்காரி தரையில் உட்கார்ந்து பட்டையைச் சுருட்டினாள். மோட்டாரம்மா தண்ணீர்ச் செம்பை அவளிடம் நீட்டினாள். அவள் அண்ணாந்து குடித்தாள். உதட்டில் படாமல் குடித்தாள்.

படிவத்தில் துணையாள் பெயருக்குக் கீழே உறவு என்று ஒரு கட்டம். பீரோக்காரி பெயரை எழுதிவிட்டு அந்தக் கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மோட்டாரம்மாவிடம் கொடுத்தாள். மோட்டாரம்மா ‘தெரிந்தவர்’ என்று எழுதினாள். எழுதும்போது அடுத்த ஒன்றரை வருடமும் நினைவுக்கு வந்தது. எந்த ஷிப்டிலும் சங்கு ஊதலாம். ஊதினால் அவள் மதகை மூட ஓடுவாள். இவள் அவள் வீட்டுக்குள் ஓடிவருவாள். சாவி ஒன்று இவளிடம் இருக்க வேண்டும். மருந்துப் பை எங்கே தொங்குகிறது என்று இவளுக்குச் சொல்லித்தர வேண்டும். எந்தத் தலையணை எங்கே என்று. சொல்லித்தர வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. இப்போதே தூங்க வேண்டும் போல இருந்தது.

மணி மூன்று. அலுவலகம் இருபது நிமிடம்.

“மாமா, இங்க ஒரு கையெழுத்து.”

மாமனார் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மேலிருந்து கீழே வாசித்தார். பெயரிருந்த இடத்தில் விரல் நின்றது. உறவு என்ற இடத்திலும் நின்றது. பீரோக்காரி எழுந்து நின்றாள், கிளம்பத் தயாரானவள் போல.

அவர் கையெழுத்துப் போட்டார். டிப்போவில் போட்ட அதே நீளக் கையெழுத்து, கீழே ஒரு கோடு, பக்கத்தில் நேரம். மூடியைப் பேனாவில் பொருத்தினார். இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் கேட்டார்:

“அவன் இன்னும் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறானாம்மா?”